கேட்டவரும் வாசகரே

நண்பர் இருவர் சந்திக்குமிடத்து, "இப்பொழுது என்ன வாசிக்கின்றீர்?" என வினவுதல் கற்றோர் வழக்கம். நூலின் பெயரைக் கூறியதும் உரையாடல் பெரும்பாலும் முடிந்துவிடும். ஊவாவின் தேயிலைத் தோட்டங்கள் அறிந்த வாசிப்போ வேறு வகையினது.

பகலெல்லாம் மலையேறிக் கொழுந்து பறித்தோர் இரவில் லயத்து வாசலிற் கூடுவர். எழுத்தறிந்த ஒருவர் விளக்கடியில் அமர்ந்து, 'அல்லி அரசாணி மாலை' போன்ற பெரிய எழுத்துப் புத்தகங்களை இராகத்துடன் படிப்பார். ஏனையோர் கேட்பர்; இடைமறித்து வினவுவர்; அல்லிக்காக வழக்காடுவர். நூல் ஒன்றே, வாசகரோ பலர். எழுத்தறியாமை அவர்களை அவ்வட்டத்திலிருந்து விலக்கவில்லை.

பின்னர் அம்மக்களின் வாழ்வே நூலாயிற்று. பதுளை மாவட்டத்திற் பிறந்த தெளிவத்தை ஜோசப், தோட்டமொன்றின் பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டு எழுதினார். அவரது 'காலங்கள் சாவதில்லை' நாவல் 1974இல் வெளிவந்தது. அதனைப் பல்கலைக்கழக விடுதிகளிற் கைமாற்றி வாசிப்பதும், அதுபற்றி விவாதிப்பதும் நன்றே. ஆனால், அந்நாவல் யாரைப் பற்றியதோ அவர்களிடம் அது சென்று சேர்ந்ததா?

விடுமுறைக்குப் பசறைக்கோ லுணுகலைக்கோ திரும்பும் மாணவனின் கையிலுள்ள நூலைக் கண்டு, எழுத்தறியாத தாய், "அதுல என்னாப்பா எழுதியிருக்கு?" என்று கேட்கின்றாள். நூலின் பெயர் மட்டும் அவளுக்கு விடையாகாது. அவன் அருகமர்ந்து படித்துக்காட்டல் வேண்டும். கேட்டபின் அவள் கூறும் திருத்தம், எந்தத் திறனாய்விலும் கிடைக்காததாக இருக்கக்கூடும்.