அக்கா வீட்டு 20 மணி நேரம்

வேலை என்றால் என்ன? ஆஸ்திரேலியாவின் குடிவரவு விதிகள் இதற்குத் தரும் விளக்கம் ஒரு வரிக்குள் அடங்கிவிடும்: அந்த நாட்டில் வழக்கமாக ஊதியம் கிடைக்கக்கூடிய எந்தச் செயலும் வேலைதான். ஊதியம் கொடுத்தார்களா என்பது அங்கே கேள்வியே இல்லை. நாம் வீட்டுக்கு வீடு சொல்லிக் களைத்துப்போன ஒன்றை விசா விதி இவ்வளவு எளிதாகச் சொல்லியிருக்கிறதே என்று முதலில் வியந்துதான் போனேன்.

அந்த வரியைத் தேடிப் படிக்க வைத்தவள் என் பழைய மாணவி ஒருத்தி. பி.காம். படித்தபோது என்னிடம் பொதுத்தமிழ் கற்றவள். இப்போது மெல்பர்னில் முதுகலை படிக்கிறாள். வாரத்தில் 22 மணி நேரம் ஒரு மளிகைக் கடையில் நிற்கிறாள். தங்கியிருந்தது ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில், பாதி வாடகைக்கு. மீதிப் பாதிக்குப் பதிலாக அந்த வீட்டுக் குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து, குளிப்பாட்டி, இரண்டு தோசை வார்த்துக் கொடுக்க வேண்டும். தினமும் இரண்டு மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள்.

"அது வேலையில சேராதுல்ல மேம்? அக்கா வீட்டுப் புள்ளதானே" என்று தொலைபேசியில் கேட்டாள்.

சேரும். மாணவர் விசாவின் 8105 என்ற நிபந்தனைப்படி, பாடம் நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. முன்பு இது 40 ஆக இருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் தளர்த்திவிட்டு, 2023 ஜூலையில் 48 என்று திரும்பக் கொண்டுவந்தார்கள். விடுமுறையில் வரம்பு இல்லை. முனைவர் பட்ட மாணவர்களுக்கும் படிப்பு தொடங்கிவிட்டால் வரம்பு இல்லை. வரம்பு உள்ளவர்கள் எந்தத் திங்கட்கிழமையிலிருந்து எண்ணினாலும், அடுத்த 14 நாள் கணக்கு 48-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் விசாவே ரத்தாகலாம். இவளுக்குக் கடையில் 44, அக்கா வீட்டில் 20. ஆக 64.

இந்த வரம்பு படிப்பைக் காப்பாற்றத்தான் என்பார்கள். நடைமுறையில் அது முதலாளியின் கைக்குச் சாட்டையாகப் போய்ச் சேர்கிறது. 2015இல் ஆஸ்திரேலியாவின் செவன் இலெவன் கடைகளில் நடந்த ஊதியத் திருட்டு அப்படித்தான் வெளிவந்தது. பல கிளைகளில் மாணவர்களிடம் வரம்புக்கு மேல் வேலை வாங்கினார்கள், பாதி நேரத்தை மட்டும் ஏட்டில் எழுதினார்கள், கேட்டால் குடிவரவுத் துறைக்குச் சொல்லிவிடுவோம் என்றார்கள். பிறகு அந்த நிறுவனம் 15 கோடி டாலருக்கும் மேல் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. பெண்களிடம் இந்த மிரட்டல் சம்பளத்தோடு நிற்பதில்லை. இரவுப் பணி முடிந்ததும் 'காரில் விடுகிறேன்' என்று வந்து நிற்பவனிடம் வேண்டாம் என்று சொல்வதற்கும் விசா பயம் இல்லாமல் இருக்க வேண்டும்.

2024 ஜூலை 1 முதல், விசா நிலையைக் காட்டி ஒருவரைச் சுரண்டலுக்கு இணங்க வைப்பது அங்கே குற்றம். விசா நிபந்தனையை மீறியிருந்தாலும், உழைத்த நேரத்துக்குச் சட்டப்படியான சம்பளம் உண்டு. கடையில் பிரச்சினை என்றால் ஃபேர் வொர்க் ஆம்பட்ஸ்மன் அலுவலகத்துக்குப் போகலாம். இதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். அக்கா வீட்டுக்கு எந்த அலுவலகத்தைச் சொல்வது?

அந்த அக்காவையும் நினைத்துப் பார்க்கிறேன். முதியோர் இல்லத்தில் வேலை, வீடு திரும்ப ஆறு மணியாகிவிடும். அவரும் தற்காலிக விசாவில் இருப்பவர். குழந்தைப் பராமரிப்புக்கான அரசு மானியம் தற்காலிக விசாக்காரர்களில் பெரும்பாலோருக்குக் கிடையாது. முழுக் கட்டணம் கட்டினால் அவர் சம்பளத்தில் என்ன மிஞ்சும்? அரசு விட்ட ஓட்டையை ஒரு பெண் இன்னொரு பெண்ணை வைத்து அடைக்கிறார். அதற்குப் பாசம் என்று பெயர். அந்த வீட்டில் ஓர் ஆணும் இருக்கிறார். என் மாணவி சொன்ன இவ்வளவு நீளக் கதையில், குழந்தையைக் கூட்டிவரும் இடத்தில் மட்டும் அவர் வரவே இல்லை.

சட்டத்தின் மீதான என் வியப்பு இங்கேதான் வற்றியது. பிள்ளை பார்ப்பதை வேலை என்று அது ஒப்புக்கொள்கிறது, ஆனால் வரம்பு மீறினாள் என்று எண்ணுவதற்காக. குடும்பம் அதை வேலை என்றே ஒப்புக்கொள்வதில்லை. ஒப்புக்கொண்டால் கூலி கொடுக்க வேண்டிவரும். இரண்டு கணக்கிலும் நஷ்டம் அவளுக்குத்தான்.

அவள் அக்காவிடம் பேசினாள். "கூடப் பொறந்தவ மாதிரி நெனச்சேன், நீ மணிக்கணக்கு பாக்குறியா?" என்றாராம் அக்கா. அடுத்த மாதமே முழு வாடகை கொடுத்து வேறு அறைக்கு மாறிவிட்டாள். கையில் காசு முன்னைவிடக் குறைவு. சில சனிக்கிழமைகளில் குழந்தையைப் பார்க்கப் போகிறாள். "இப்ப நானா ஆசப்பட்டுப் போறேன் மேம்" என்றாள்.

வெளிநாட்டுப் படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வரும் பெண்களிடம் இப்போது நான் இதைச் சொல்லித்தான் அனுப்புகிறேன். போகிற நாட்டின் விதியை முகவர் வாயால் கேட்காதே, நீயே படி. எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை உழைத்தாய் என்று தினமும் ஒரு நோட்டில் எழுதிவை. அன்புக்காகச் செய்ததாகச் சொல்லப்படும் நேரத்தையும் அதில் எழுது. யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்பதைப் பிறகு கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.