குத்துவிளக்குக்கு எத்தனை ஸ்பெல்லிங்?

கும்பகோணத்துல பாத்திரக்கடை வச்சிருக்கிற எங்க சித்தப்பா, வர்ற ஆளோட உச்சரிப்பை ஒரு நாளும் திருத்தினது கிடையாது. "எவர்சில்வர்"னு கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார், "எவசிலவரு"ன்னு கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார். பாதி பேச்சு வாயில இருக்கும்போதே பொருள் மேஜைக்கு வந்துடும். இது வியாபாரத்துல பெரிய திறமைன்னு யாரும் சொல்றதில்லை. பி.காம். மூணு வருஷப் பாடத்திலும் இதுக்கு ஒரு சாப்டர் கிடையாது.

அதே சித்தப்பா ஒரு ஆன்லைன் கடையில (பேர் வேண்டாம், பெரிய கடைதான்) நாச்சியார்கோவில் குத்துவிளக்கு விற்க ஆரம்பிச்சார். புவிசார் குறியீடு வாங்கின விளக்கு. பட்டறைக்குப் பணத்தை முன்னாடியே கொடுத்தாச்சு, சரக்கு வீட்டு ஹால்ல அடுக்கியாச்சு. சித்தி அதைச் சுத்திச் சுத்தித்தான் கோலப்பொடி டப்பாவையே எடுக்கணும். ரெண்டு மாசம் போச்சு, மூணே மூணு ஆர்டர். கம்ப்யூட்டர் தெரிஞ்ச பிள்ளைன்னு என்னைக் கூப்பிட்டாங்க. (திருச்சியில காமர்ஸ் படிக்கிறவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும்னு இன்னும் நம்புற ஒரே குடும்பம்!)

விலை சரி, படம் சரி. ஆனா நம்ம ஆட்கள் செல்போன்ல குத்துவிளக்குன்னு இங்கிலீஷ் எழுத்துல எப்படி அடிப்பாங்க? "த்து"வுக்கு டி ஹெச் ஒரு தடவையா, ரெண்டு தடவையா, இல்லை டி டி ஹெச்சா? "வி"க்கு ஐயா, இல்லை "வெளக்கு"ன்னு பேசுற மாதிரியே ஈயா? கடைசியில ஒரு கே போதுமா, ரெண்டு வேணுமா? நடுவுல இடம் விடணுமா, வேண்டாமா? மூணு பெருக்கல் ரெண்டு பெருக்கல் ரெண்டு பெருக்கல் ரெண்டு, ஆக மொத்தம் 24. சித்தப்பாவோட பக்கத்துல இருந்தது அதுல ஒண்ணே ஒண்ணு. எங்க வீட்லயே அஞ்சு பேரை அடிச்சுப் பார்க்கச் சொன்னேன், நாலு விதம் வந்தது. ரெண்டு விதத்துக்கு "ஒன்றும் கிடைக்கவில்லை"ன்னு வெள்ளைப் பக்கம்.

கம்ப்யூட்டர்காரங்க இந்தப் பிரச்சினையை ரொம்ப காலமா மேய்ச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. 1964-ல ஃபிரெட் டேமரோ ஒரு கட்டுரை எழுதினார். எழுத்துப்பிழைகள்ல 80 சதவீதத்துக்கும் மேல நாலே வகைக்குள்ள ஒரே ஒரு தப்புதான்: ஒரு எழுத்து கூடுதல், ஒரு எழுத்து குறைவு, ஒண்ணுக்குப் பதில் இன்னொண்ணு, பக்கத்துப் பக்கத்து ரெண்டு எழுத்து இடம் மாறுறது. அடுத்த வருஷம் ரஷ்யாவுல லெவன்ஷ்டைன், ஒரு சொல்லை இன்னொரு சொல்லா மாத்த எத்தனை திருத்தம் வேணும்னு எண்ணுற கணக்கைக் கொடுத்தார். இன்னிக்கும் கடைகளோட தேடல் பெட்டிக்குள்ள பெரும்பாலும் இந்தக் கணக்குதான் ஓடுது. நிறைய கடைகள் பயன்படுத்துற எலாஸ்டிக்சர்ச், ஒரு சொல்லுக்கு அதிகபட்சம் ரெண்டு திருத்தம் வரைதான் மன்னிக்கும். ஒரு கே விட்டுப்போனா ஒரு திருத்தம், பிழைச்சோம். டி ஹெச் ரெண்டு தடவை போட்டு, நடுவுல இடமும் விட்டு, ஒரு கே-யையும் விட்டுட்டா? நாலு திருத்தம். போச்சு.

எழுத்தை விட்டுட்டு ஓசையைப் பிடிக்கலாமேன்னு கேட்பீங்க. அதுவும் இருக்கு, சவுண்டெக்ஸ்னு பேரு, 1918-லேயே காப்புரிமை வாங்கினது. முதல் எழுத்தை வச்சுக்கிட்டு மிச்ச மெய்யெழுத்துக்களுக்கு எண் கொடுக்கும். காகிதத்துல போட்டுப் பார்த்தேன். சேர்த்து எழுதின குத்துவிளக்கு எப்படி அடிச்சாலும் கே-314, பிரமாதம்! அடுத்து குழம்பு. ழ-வுக்கு இசட் ஹெச் போட்டா கே-251, எல் போட்டா கே-451. ரெண்டும் வேற வேற பொருள்னு சாதிக்குது. அமெரிக்கக் குடும்பப் பேர்களுக்காகச் செஞ்ச சட்டை நம்ம ழ-வுக்கு எப்படிப் பொருந்தும்?

எனக்கு இதுல உறுத்துறது வேற. இதை "பிழை"ன்னு சொல்றதே சரியில்லை. இங்கிலீஷ் சொல்லுக்கு ஒரு அகராதி இருக்கு, தப்புன்னா தப்பு. குத்துவிளக்கை ரோமன் எழுத்துல இப்படித்தான் எழுதணும்னு யார் சட்டம் போட்டது? 24-ம் சரிதான். கடை அதுல ஒண்ணைச் சரின்னு வச்சுக்கிட்டு 23 பேரை வாசல்லயே திருப்பி அனுப்புது. வராத வாடிக்கையாளருக்கு எந்த லெட்ஜர்லயும் பக்கம் கிடையாது, அதனால யாருக்கும் நஷ்டம் தெரியறதும் இல்லை.

சில கடைகள் எதிர்ப் பக்கமா அதிபுத்திசாலி. இன்னொரு கடையில இட்லிக்குத் தொட்டுக்கப் பொடி தேடினேன். பி-யை மாத்தி, ஐ-யை மாத்தி, எனக்கு பாடி லோஷன் காட்டினான். ரெண்டே திருத்தம்தானே!

ஒழுங்கான வழி வாடிக்கையாளர்கிட்ட கத்துக்கிறதுதான். ஒருத்தர் ஒரு மாதிரி அடிக்கிறார், ஒண்ணும் வரலை, உடனே வேற மாதிரி அடிச்சு வாங்குறார்னா அந்த ரெண்டும் ஒண்ணுன்னு கடை குறிச்சுக்கலாம். கூகுள் இப்படிப் பிரிட்னி ஸ்பியர்ஸ் பேரை மக்கள் 590-க்கும் மேற்பட்ட விதமா அடிச்சதைத் தொகுத்து ஒரு பட்டியலே போட்டிருந்தது. ஆனா அதுக்குக் கூட்டம் வேணும். பிரிட்னிக்கு இருக்கு, நாச்சியார்கோவிலுக்கு எங்கே போறது?

எழுத்து ஒண்ணு குறைஞ்சா என்ன ஆகும்ங்கிறதுக்கு ஈபேயில நடந்த 2007 கதை ஒண்ணு உண்டு. ஆல்சாப்ஸ்னு ஒரு பழைய ஆர்க்டிக் பீர், 1852-ல வடதுருவப் பயணத்துக்குன்னு காய்ச்சினது. விற்றவர் பேர்ல ஒரு பி-யை விட்டுட்டார். தேடுறவங்க கண்ணுல படாம 304 டாலருக்குப் போச்சு. வாங்கினவர் ரெண்டு பி போட்டு மறுபடி ஏலம் விட்டார், கேள்வி 5,03,300 டாலர் வரை ஏறிச்சு. (கடைசியில கேட்ட ஆள் பணம் கட்டலை, அது வேற கூத்து.)

நாங்க செஞ்சது சின்ன வேலை. விற்பவர் பக்கத்துல, வாங்குறவங்க கண்ணுக்குத் தெரியாத தேடல் சொற்கள் கட்டம் ஒண்ணு உண்டு. அதுல இடம் கொண்ட மட்டும் ஒன்பது விதம் போட்டேன். கோவிலுக்குக்கூட வி போட்டும் போடாமலும். கார்த்திகைக்குள்ள ஹால்ல பாதி தரை தெரிஞ்சது. பண்டிகையால வந்ததா, ஸ்பெல்லிங்கால வந்ததான்னு சித்தப்பாவும் நானும் இன்னும் சண்டை போட்டுக்கிட்டிருக்கோம்.

இப்போ அடுத்த சரக்கு உச்சியில அன்னம் வச்ச விளக்கு. "அன்ன விளக்கு"ன்னு இங்கிலீஷ்ல அடிச்சுப் பாருங்க. முதல் வரிசை முழுக்க அண்ணாவுக்குக் கட்டுற ராக்கி.