பக்கத்து ஃபேனை நிறுத்தினீங்களா?

வாஷிங் மெஷினில் துணி பிழியும்போது, நனைந்த பெட்ஷீட் ஒரு பக்கமாகச் சுருண்டுகொண்டு, மெஷின் தடதடவென்று பாத்ரூமை விட்டே வெளிநடப்பு செய்யப் பார்த்திருக்கிறதா? ஆமாம் என்றால் என் தொழிலில் பாதி உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் பெட்ஷீட்டைப் பிரித்துப் போடுவீர்கள். நான் தொழிற்சாலைகளில் ராட்சச இரும்பு ஃபேன்களுக்கு அதைச் செய்கிறேன். பேலன்சிங் என்று பெயர். சக்கரத்தில் எந்தப் பக்கம் கனமோ, அதற்கு எதிர்ப்பக்கம் ஒரு சின்ன இரும்புத் துண்டை வெல்டிங் வைக்க வேண்டும், அவ்வளவுதான். சின்னது என்று அலட்சியம் வேண்டாம். நிமிஷத்துக்கு 1,480 சுற்று ஓடும் சக்கரத்தில், மையத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி வெறும் 100 கிராம் அதிகமாக இருந்தால், ஓடும்போது அது 120 கிலோ பலத்தோடு பேரிங்கைப் பிடித்து இழுக்கும். அதுவும் நொடிக்கு 24 தடவைக்கு மேல்!

எத்தனை கிராம், எந்த இடத்தில் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஓடும் இடத்திலேயே இதைச் செய்வது பற்றி, அமெரிக்காவில் தியர்ல் என்ற இன்ஜினீயர் 1934-ல் ஒரு கட்டுரை எழுதினார். முதலில் அதிர்வை அளந்துகொள். தெரிந்த எடை ஒன்றை மாட்டி ஓட்டு. மறுபடி அளந்து பார். எவ்வளவு மாறியது, எந்தத் திசைக்கு மாறியது என்று பார்த்துக் கணக்குப் போடு. இன்றைக்குக் கையடக்கக் கருவி போடுவதும் அடிப்படையில் இதே கணக்குதான். கணக்கு தப்பாது. அளவுதான் தப்பும்.

தப்பியது. என் கையில்.

2004. மூர் மார்க்கெட் பக்கம் ரயிலேறி, மீஞ்சூர், பொன்னேரி, கவரப்பேட்டை தாண்டி கும்மிடிப்பூண்டியில் இறங்கினேன். சிப்காட்டில், காயிலாங்கடை இரும்பை உருக்கும் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். புகையை இழுக்க ஒரே இரும்புச் சட்டத்தின் மேல் இரண்டு ஃபேன்கள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றுக்குப் புது பிளேடு மாற்றியிருந்தார்கள். மாற்றியவர் ஐம்பது வயது ஃபிட்டர். அதிகம் பேசமாட்டார்.

மீட்டரை வைத்தேன். நொடிக்கு 8.5 மில்லிமீட்டர். எடை வைத்து ஓட்டினேன், 4. ஆஹா! கணக்குப்படி மாற்றி வைத்தேன், 8. இடத்தை நகர்த்தினேன், 5. இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன், 9. இந்த மாதிரி ஃபேனுக்கு 4.5-க்குள் என்றால் நிம்மதியாக ஓட்டலாம், 7.1-ஐத் தாண்டினால் ஆபத்து என்பது ஐ.எஸ்.ஓ. கணக்கு. எனக்கோ ஒரே ராத்திரியில் பாஸ், ஃபெயில், பாஸ், ஃபெயில்.

ஃபிட்டர் பக்கத்தில் வந்தார். “தம்பி, பக்கத்து ஃபேனை ஒரு அஞ்சு நிமிஷம் நிறுத்திட்டுப் பாருங்களேன்.”

“உற்பத்தி போயிடும்ணே, முதலாளி விடமாட்டார்” என்றேன். கேட்டுப் பார்க்கக்கூட இல்லை. காலையில் முதலாளி முறைத்தபோது வாயில் வந்ததைச் சொன்னேன். “பிளேடு வெல்டிங் சரியில்ல சார். கோணலா இருக்கு.”

அடுத்த வாரம் அந்த ஃபிட்டருக்கு அங்கே வேலை இல்லை.

என் சீனியர் என்னைத் திரும்ப அழைத்துக்கொண்டு போனார். சென்சாரை ஒட்டினார். எதையும் எழுதவில்லை. கைக்கடிகாரத்தைக் காட்டி, “ஒரு நிமிஷம் சும்மா நின்னு பாரு” என்றார். எண் மெதுவாக ஏறியது, 9. மெதுவாக இறங்கியது, 3. மறுபடி ஏறியது. நிமிஷத்துக்கு நாலு தடவை. ஒரு ஃபேன் 1,480 சுற்று, பக்கத்து ஃபேன் 1,484. இரண்டின் ஆட்டமும் ஒரே சட்டத்தில் சில நேரம் சேர்ந்துகொண்டன, சில நேரம் ஒன்றையொன்று தின்றன. நான் எந்த நொடியில் பார்த்தேனோ அந்த எண்ணை எழுதியிருக்கிறேன்!

பக்கத்து ஃபேனை நிறுத்தினோம். முதலாளி முணுமுணுத்தார், அவ்வளவுதான். எண் 6-ல் வந்து நின்றது. அசையவில்லை. இரண்டே ஓட்டத்தில் 1.5-க்குக் கொண்டுவந்தோம். பிளேடு மாற்றினால் கொஞ்சம் கிராம் அங்கே இங்கே கூடிக் குறைவது சகஜம். அதற்குத்தானே என்னைக் கூப்பிட்டார்கள்!

அன்றே முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். “ஆள் போய் ஆறு நாளாச்சே” என்றார்.

அதற்கப்புறம் சில பழக்கங்கள் வந்துவிட்டன. சென்சாரின் காந்தம் உட்காரும் இடத்தில் பெயிண்ட்டையும் கரியையும் சுரண்டி, சாக்பீஸால் வட்டம் போடுவேன். ஒவ்வொரு தடவையும் அதே வட்டம். ஃபவுண்டேஷன் போல்ட்டை முடுக்கிப் பார்க்காமல் ஆரம்பிப்பதில்லை. சூடு ஏறி எண் நிலைக்கும்வரை காத்திருப்பேன். அதே வேகம், அதே டேம்பர் திறப்பு. சுற்றை எண்ண ஒட்டும் பளபள டேப்பில், கூரை ஓட்டை வழியாக வெயில் விழுந்தாலும் கருவி ஏமாறும், அதற்கு ஒரு அட்டை மறைப்பு. சோதனை எடை வைத்தால் அளவு 30 சதவீதமாவது மாற வேண்டும், அல்லது கோணம் 30 டிகிரியாவது. இல்லையென்றால் அந்த மாற்றத்தை நம்பிக் கணக்குப் போடுவதில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. எதையுமே தொடாமல், மெஷினை நிறுத்தி, மறுபடி ஓட்டி, மறுபடி அளப்பேன். இரண்டு தடவையும் ஒரே பதில் வந்தால்தான் அது மெஷின் சொல்வது. இல்லாவிட்டால் நடுவில் வேறு யாரோ பேசுகிறார்கள்.

2011-ல் ஒருநாள், கவரப்பேட்டை பிளாட்பாரத்தில் அவரைப் பார்த்தேன். தலை நன்றாக நரைத்திருந்தது. மணலியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருப்பதாகச் சொன்னார். ஏழு வருஷமாக மனசுக்குள் எழுதி வைத்திருந்த மன்னிப்பைத் திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன். கேட்டுக்கொண்டார். பரவாயில்லை என்று சொல்லவில்லை.

ரயில் வந்தது. ஏறப் போனவர் திரும்பினார்.

“இப்பல்லாம் பக்கத்து ஃபேனை நிறுத்தறீங்களா, தம்பி?”