மேலே ஒரு ஆறு, கீழே ஒரு ஆறு

இடவப்பாதி மழை பிடித்ததும் பாட்டா தோர்த்தைத் தோளில் போட்டுக்கொண்டு, "வா மக்கா, சானல்ல வெள்ளம் விட்டாச்சான்னு பாத்துட்டு வருவோம்" என்பார். ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைமணம், விழுந்து அழுகிய சக்கையின் தித்திப்பு வாடை, நனைந்த செம்மண் எல்லாம் மூக்கில் ஏற ஏற நடப்போம். திருவட்டாறு தாண்டி மரங்கள் விலகும் இடத்தில் மாத்தூர் தொட்டிப்பாலம் திடீரென்று ஆகாயத்தில் நிற்கும்.

28 தூண்கள், 100 அடிக்கு மேல் உயரம். கணியான்பாறையில் தொடங்கிப் பறளியாற்றைத் தாண்டி கூட்டுவாயுப்பாறையில் போய் முட்டும். பாட்டா சானல் என்கிற பட்டணங்கால் வாய்க்காலின் தண்ணீரை ஒரு குன்றிலிருந்து எடுத்து எதிர்க்குன்றில் விடும் தொட்டி அது. "மேல ஒரு ஆறு, கீழ ஒரு ஆறு, ரெண்டும் தொடாது கேட்டியா" என்று பாட்டா ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வதுபோலவே சொல்வார். நானும் புதிதாகக் கேட்பதுபோலவே வாயைப் பிளப்பேன்.

இத்தனை வெள்ளத்தை இழுக்கிற மோட்டார் எங்கே இருக்கிறது என்று எனக்கு வெகுநாள் தீராத சந்தேகம். பாட்டா பதில் சொல்லவில்லை. ஒரு பலா இலையைக் கிள்ளி என் கையில் தந்தார். அதைத் தொட்டியில் போட்டுவிட்டு நடைபாதையில் ஓடினேன். காற்று சட்டையைப் பிடித்து இழுக்க, கைப்பிடிச் சுவருக்கு அப்பால் தென்னந்தலைகள் காலுக்குக் கீழே ஆட, இலை தன்பாட்டுக்கு எதிர்க்கரைக்குப் போய்க்கொண்டே இருந்தது. மோட்டாரும் இல்லை, ஒன்றும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத இறக்கம் ஒன்றை வைத்துத் தொட்டியைக் கட்டியிருக்கிறார்கள். வெள்ளம் அதைக் கண்டுபிடித்து ஓடுகிறது. அன்றுமுதல் அந்த மேஸ்திரிமார்மேல் எனக்குச் சாமிக்குச் சமமான மரியாதை.

குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956இல். பத்து வருஷத்துக்குள், காமராஜர் காலத்துத் திட்டமாக, 1966இல் பாலம் எழுந்தது. அதற்குமுன் எங்கள் விளையில் மரச்சீனி மட்டும்தான் என்பார் பாட்டா. மூன்று வேளையும் மரச்சீனி. சானல் வந்த பிறகுதான் அவர் மட்டி வாழை வைத்தாராம். முதல் குலையைத் தலையில் சுமந்துபோய், பாலம் கட்டப் பாறை உடைத்த கூட்டாளி வீட்டில் இறக்கிவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் பழம் கொண்டுவந்தார் என்று பாட்டி சொல்வாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் கோபமும் இருக்கும்.