கொல்லிமலைக்குப் போறீங்களா? ஒரு ராத்திரி தங்கிட்டு வாங்க!

லீவு விட்டால் கடற்கரையில் நிற்க இடமில்லை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. 'சத்தமில்லாம ரெண்டு நாள் இருக்க ஒரு இடம் சொல்லுங்க' என்று யாராவது கேட்டால், சேந்தமங்கலத்துக்காரர்கள் கிழக்கே கையை நீட்டிவிடுவார்கள். நாமக்கல் மாவட்டத்துக்குக் கடல்தான் இல்லை. அதற்குப் பதிலாகக் கொல்லிமலை இருக்கிறது!

ஆனால், வருகிறவர்களில் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். காலையில் ஏறி, அருவியில் குளித்து, செல்ஃபி எடுத்து, இருட்டுவதற்குள் இறங்கிவிடுகிறார்கள். காரவள்ளியில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒரே நாளில் ஏறி இறங்கினால் கணக்கு 140. பின் சீட்டில் இருக்கும் குழந்தைகளைக் கேட்டுப் பாருங்கள், அந்தச் சுற்றுலா எப்படி இருந்தது என்று சொல்வார்கள்!

அதனால் தங்குங்கள். செம்மேட்டிலும் அதைச் சுற்றியும் விடுதிகள் உண்டு. சனி, ஞாயிறு என்றால் முன்கூட்டியே அறை பேசிவிடுவது நல்லது. பெட்ரோலைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். வளைவுகளில் குரங்குகள் ஆசையாகப் பார்க்கும். பிஸ்கட் பாக்கெட்டை வெளியே எடுக்காதீர்கள். சேந்தமங்கலத்தில் நேரமிருந்தால், சிறு கரட்டின் மேலிருக்கும் தத்தாத்ரேயர் கோயிலைப் பார்த்துவிட்டு மலையேறலாம்.

மேலே போனதும் எல்லோரும் கேட்பது ஆகாய கங்கை. அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். சுமார் 300 அடி உயரத்திலிருந்து தண்ணீர் விழும் இடத்தில் நின்றால் சாரலிலேயே நனைந்துவிடலாம். இறங்குவது சுலபம், ஏறும்போதுதான் மூச்சு முட்டும். முழங்கால் வலி இருக்கும் அம்மா, அப்பாவை அங்கே அழைத்துப்போய் அவஸ்தைப்பட வைக்காதீர்கள். மாசிலா அருவி, நம் அருவி இரண்டுக்கும் இவ்வளவு படி கிடையாது. குடும்பத்தோடு நிதானமாகக் குளிக்க என் ஓட்டு அவற்றுக்குத்தான்.

படியேறி வந்த களைப்புக்கு முடவாட்டுக்கால் சூப் குடிக்கலாம். பெயரைக் கேட்டு சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம், அது ஒரு பெரணிச் செடியின் கிழங்கு. மேலே ரோமம் மூடி, பார்க்க அசல் ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். மிளகு, சீரகம் தட்டிப் போட்டுச் சுடச்சுடத் தருகிறார்கள். மூட்டு வலி போய்விடும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். எனக்கு அந்த மிளகுக் காரமே போதுமானதாக இருந்தது.

மறுநாள் காலையை அருவிக்குக் கொடுக்காமல் ஊர்களுக்குக் கொடுங்கள். இங்கே ஊர்களின் பெயர்களே அழகு. வளப்பூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு, அரியூர் நாடு என்று எல்லாமே நாடுதான்! கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. செம்மேட்டில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஆடிப்பெருக்கை ஒட்டி அரசே விழா எடுக்கும். அந்த இரண்டு நாள் மட்டும் அமைதியை எதிர்பார்த்து வராதீர்கள்.

சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், அடியில் காபிச் செடி. பலாவும் மலைவாழையும் அன்னாசியும் வேறு. இவற்றுக்கு நடுவே சரிவு சரிவாக மரவள்ளி. எங்கள் பக்கத்தில் குச்சிக்கிழங்கு என்போம். நிறைய பேர் கவனிக்காமல் கடந்து போகும் விஷயம் இதுதான். முன்பு சாமை, தினை, கேழ்வரகு விளைந்த நிலங்கள் பல இன்று குச்சிக்கிழங்குக்கு மாறிவிட்டன. கிழங்கு கீழே சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. கையில் காசு வருகிறது. சாமையை உரலில் போட்டுக் குத்தி உமி நீக்குவது பெண்களின் முதுகை முறிக்கும் வேலை. அதோடு ரேஷனில் அரிசியும் கிடைக்கிறது. பிறகு யார்தான் சாமை விதைப்பார்கள்? எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளாக இங்கே வேலை செய்து, உமி நீக்கும் இயந்திரங்களை ஊர்களுக்குக் கொண்டுவந்தது. ஆனாலும் வாங்க ஆள் இருந்தால்தானே விதைக்க முடியும்?

2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது நகரத்துக் கடைகளில் சாமைக்குத் தனி அலமாரியே வந்துவிட்டது. கொல்லிமலைக்கு வருகிறவர்களோ இங்கிருந்து சிப்ஸ் பாக்கெட்டோடு திரும்புகிறார்கள். அந்தக் காலி பாக்கெட் படிக்கட்டிலேயே கிடக்கிறது என்பது தனிக் கதை.

இறங்குவதற்கு முன் சோளக்காடு சந்தையில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். தலைச்சுமையாகக் கொண்டுவந்து விற்கும் பெண்களிடம் வாங்குங்கள். மிளகை இரண்டு விரலால் நசுக்கிப் பாருங்கள், வாசனை தூக்கும். பலாவைத் தட்டிப் பார்க்கத் தெரியாவிட்டால் அவர்களிடமே கேளுங்கள், 'இத எடுத்துக்க கண்ணு' என்று பழுத்ததாக எடுத்துக் கொடுப்பார்கள். சாமை கேட்டால் உமி நீக்கியதா என்று பார்த்து வாங்குங்கள். பத்து ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள், ப்ளீஸ்.

ஸ்வெட்டர் ஒன்று பையில் இருக்கட்டும். 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். மார்கழி, தை மாத ராத்திரிகளில் பல் கிட்டித்துவிடும். இருட்டிய பிறகு வண்டி ஓட்டுவதைத் தவிர்த்து, காலை வெளிச்சத்தில் இறங்குங்கள். பனி விலகினால் ஏதாவது ஒரு வளைவில் சமவெளி முழுவதும் தெரியும். அதில் சேந்தமங்கலம் எது என்று குழந்தைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அடுத்த 20 வளைவுகள் வாந்தி இல்லாமல் கடந்துவிடும்!