பவளத்துக்கு வயது போதுமா?

சில மாதங்களுக்கு முன் நமது வீட்டில் ஒரு பெரிய விவாதம் நடந்தது. சட்டசபை விவாதங்களைப் போலன்றி, இதில் பேசிய அனைவருக்கும் விஷயத்தில் மெய்யான அக்கறை இருந்தது. விவாதத்துக்கு உரியவள் மட்டும் யாதொரு கவலையுமின்றி, நம் தாயாரின் இடது கால் செருப்பை வாயில் கவ்விக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள்.

அவள் பெயர் பவளம். ராஜபாளையம் ஜாதி. பால் போன்ற வெண்ணிற உடம்பும், பவளம் போன்ற சிவந்த மூக்கும் உடையவள். பெயருக்குக் காரணம் அந்த மூக்குதான். ஒரு காலத்தில் பன்றி வேட்டைக்குப் பெயர் பெற்றிருந்த இந்த நாயினத்தைக் கௌரவித்து, 2005-ஆம் ஆண்டில் இந்தியத் தபால் இலாகா முத்திரையே வெளியிட்டது. ஆகையால் பவளத்தின் குலப் பெருமையைப் பற்றி யாரும் ஐயுற வேண்டியதில்லை.

அவள் பதினொன்றாம் மாதத்தில் முதல் முறையாகப் பருவமடைந்தாள். செய்தி எப்படியோ பரவிவிட்டது. மறுநாளே, நம் பள்ளிக்கூடத்துக் கணித உபாத்தியாயர் வந்து சேர்ந்தார். அவர் வீட்டில் ராஜா என்ற ஆண் நாய் இருக்கிறது.

"ஸார், தாமதம் எதற்கு? பெண் பெரியவளாகிவிட்டாள். எட்டுக் குட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். குட்டி ஒன்றுக்குப் பதினைந்தாயிரம் வீதம்..." என்று ஆரம்பித்து, நம் மேஜைமீது கிடந்த விடைத்தாளின் பின்புறத்தில் பெருக்கியும் காட்டினார். விடை 1,20,000 ரூபாய்.

நாம் சரித்திர உபாத்தியாயர். கணக்கில் சிறு வயது முதலே பலவீனம். ஆயினும் இந்தக் கணக்கு நமக்கு உடனே விளங்கிவிட்டது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். நம் புதல்வி அந்த வருஷம் கல்லூரியில் சேர வேண்டியவள்.

"ஒரு தடவையாவது குட்டி போடாவிட்டால் பெட்டை நாய்க்கு வியாதி வருமாம்" என்று நம் சகதர்மிணி வேறு, எங்கோ கேட்டதைச் சொன்னாள். பணமும் தர்மமும் ஒரே பக்கம் சாயும் சந்தர்ப்பம் வாழ்க்கையில் அடிக்கடி வாய்ப்பதில்லை. எனவே மறுநாள் பவளத்தை மிருக வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம்.

வைத்தியர் ஓர் இளம் பெண்மணி. பவளத்தின் விலாவைத் தடவிப் பார்த்தார், எடை போட்டார், பிறகு நம்மை உட்காரச் சொன்னார். நாம் மாணவர்களை அப்படி உட்காரச் சொல்வது எந்தச் சமயத்தில் என்று நமக்குத் தெரியும்.

அவர் கூறியதன் சாரம் இது. பெட்டை நாய்கள் பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் பருவமடைகின்றன. பெரிய ஜாதிகளில் இன்னும் தாமதமாகலாம். கருத்தரிக்கக் கூடும் என்பதனாலேயே உடம்பு முற்றிவிட்டதாக அர்த்தமில்லை. பவளத்தைப் போன்ற உயர்ந்த நாய்க்கு எலும்பும் தசையும் இன்னும் வளர்ந்துகொண்டேயிருக்கின்றன. தன் வளர்ச்சிக்கு வேண்டிய சத்தை அவள் வயிற்றிலுள்ள குட்டிகளுக்கும் பங்கிட நேரும். 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு விதிகளும், பதினெட்டு மாதம் நிறையாத பெட்டையை இனவிருத்திக்கு விடலாகாது என்கின்றன.

வயது மட்டும் போதாது. இடுப்பு மூட்டுகள் சரியாக அமைந்திருக்கின்றனவா என்று எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இரண்டு வயது நிறைந்த பிறகு எடுத்தால்தான் முடிவாகச் சொல்ல முடியும். புரூஸெல்லா என்னும் கிருமி கருவைச் சிதைப்பது; மனிதருக்கும் தொற்றக் கூடியது. ஆண், பெண் இரண்டுக்கும் அதற்காக ரத்தப் பரீட்சை செய்ய வேண்டும். வெள்ளை நிற நாய்களில் பிறவிச் செவிடு காணப்படுவதுண்டு. ஒரு காது மட்டும் கேளாத நாயை வீட்டில் இருப்பவர்கள் கண்டுபிடிப்பது அரிது. அதற்கென்று ஒரு மின்சாரப் பரீட்சை இருக்கிறது. தடுப்பூசிகளையெல்லாம் கருத்தரிக்கும் முன்பே முடித்துவிட வேண்டும்.

"நாளை விரலில் எண்ணிக்கொண்டு நாயைச் சேர்க்கிறார்கள். நாயின் கருமுட்டை வெளிவந்த பிறகும் பக்குவமடைய ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். ரத்தத்தில் புரொஜெஸ்டிரோன் அளவைப் பார்த்துத்தான் உரிய நாளைச் சொல்ல வேண்டும்" என்றார்.

வியாதியைப் பற்றிக் கேட்டோம். "குட்டி போடுவதால் எந்த நோயும் தடைபடாது. கருப்பையில் சீழ் கட்டும் நோய்க்குப் பயந்தீர்களானால் கருத்தடை ஆபரேஷன்தான் வழி" என்று கூறிவிட்டுக் கடைசியாக ஒன்று கேட்டார்: "எட்டுக் குட்டிகளுக்கும் வீடு பார்த்துவிட்டீர்களா?"

நமக்கு விடை தெரியவில்லை. 1,20,000 ரூபாயில் எட்டு வீடுகள் அடங்கியிருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அன்று மாலை இவையனைத்தையும் வீட்டில் ஒப்பித்தோம். நம் தாயாருக்கு வயது 74. காது கூர்மை, வாய் சிக்கனம். பவளத்தின் வாயிலிருந்து செருப்பைப் பிடுங்க முயன்றுகொண்டே அவர் சொன்னார்:

"செருப்பைத் தூக்கிக்கிட்டு ஓடுது. இதுக்கா ஐயா பிள்ளை?"

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

"எனக்கும் பதினாறிலே கல்யாணம். பதினேழிலே உனக்கு மூத்தவன் பிறந்தான். ஒன்பது நாள் இருந்தான். உடம்பு பெத்துடுச்சு. பிள்ளையைத் தூக்கத் தெரியலை. பால் குடுக்கச் சொன்னா எனக்கு அழுகைதான் வந்தது. எங்க அம்மா எப்ப வருவாங்கன்னு வாசலையே பார்த்துக்கிட்டிருந்தேன்."

நமக்கு மூத்தவன் ஒருவன் பிறந்து இறந்தான் என்பது தெரியும். அதைப் பற்றி அவர் வாய் திறந்து நாம் கேட்டது அன்றுதான்.

நாம் இருபது வருஷமாக வகுப்பில் சொல்லிவருகிறோம்: 1929-ஆம் வருஷத்துச் சாரதா சட்டம் பெண்ணின் விவாக வயதைப் பதினான்கு ஆக்கியது, 1949-இல் அது பதினைந்து ஆயிற்று, 1978-இல் பதினெட்டு. தப்பாக எழுதிய பையன்களுக்கு மார்க்கைக் குறைத்திருக்கிறோம். ஆனால் நம் தாயாரின் விவாகம் அந்தப் பதினைந்துக்கும் பதினெட்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று ஒரு நாளும் கணக்குப் பார்த்ததில்லை. சட்டப்படி அவருடைய விவாகத்தில் ஒரு குற்றமும் இல்லை. அந்த ஒன்பது நாளைச் சட்டம் அறியாது.

மனுஷியையும் நாயையும் ஒப்பிடுகிறோம் என்று நேயர்கள் கோபிக்க வேண்டாம். ஒப்பிட்டவர் நம் தாயார். அவரை மறுத்துப் பேசும் யோக்கியதை அன்று நம் வீட்டில் ஒருவருக்கும் இல்லை. நம் சகதர்மிணி எழுந்து போய் அவருக்கு வெந்நீர் போட்டாள். நம் புதல்வி விடைத்தாளின் பின்புறத்திலிருந்த பெருக்கல் கணக்கை ரப்பரால் அழித்தாள். கல்லூரிச் சம்பளத்துக்கு வங்கியில் கடன் வாங்கினோம்.

நிற்க. பவளத்துக்குப் பதினேழாம் மாதத்தில் மறுபடியும் பருவம் வந்தது. விதிப்படி ஒரு மாதம் குறைவு, எக்ஸ்ரேயும் எடுக்கவில்லை. மூன்று வாரம் கதவைச் சாத்தி வைத்தோம். தெருவிலுள்ள ஆண் நாய்கள் யாவும் நம் வாசலில் மகாநாடு கூட்டின, இரவெல்லாம் பிரசங்கம். கணித உபாத்தியாயர் இரண்டு நாள் நம்முடன் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே ராஜாவை ரத்தப் பரீட்சைக்கு அழைத்துப் போனதாகக் கேள்விப்பட்டோம்.

இனி அடுத்த பருவம் வரும்போது பவளத்துக்கு இரண்டு வயது ஆகியிருக்கும். எக்ஸ்ரேயும் ரத்தமும் காதும் நன்றாக இருந்தால் பார்ப்போம். ஒன்று பிசகினாலும் அவள் குட்டி போடாமலே நம் வீட்டில் கிழவியாகட்டும். இதற்கிடையே ஒரு நோட்டுப் புத்தகத்தில், குட்டி வேண்டும் என்று முன்பு சொன்னவர்களின் பெயர்களை எழுதி, ஒவ்வொருவராகக் கேட்டுவருகிறோம். பதினான்கு பேரில் இருவர்தான் இதுவரை "கட்டாயம்" என்றிருக்கிறார்கள். ஒருவர் வீட்டில் முற்றமே கிடையாது, அவரை அடித்துவிட்டோம்.

தாயாருக்குப் புதுச் செருப்பு வாங்கினோம். அதில் வலது கால் செருப்பை நேற்று முதல் காணவில்லை.