தாழைக்குள் தடம்

கடல்தாழையைப் பாசி என்று எழுதுகிறார்கள். வேரும் பூவும் உள்ள புல் அது. எங்க அய்யாவுக்குச் சொந்தப் படகு கிடையாது. பாக் விரிகுடாவில் அடுத்தவன் வத்தையில் கூலிக்குச் சங்கு குளிச்சவர். தாழைக் காட்டுக்குள்ள வளைஞ்சு நெளிஞ்சு ஒரு சாண் அகலத்துக்கு வெறும் மணல் கிடந்தா, "ஆவுளியா மேஞ்ச தடம்டா" என்பார். வேரோடு பிடுங்கித் தின்னுட்டுப் போயிரும். இரண்டு ஓரத்திலிருந்தும் தண்டு மண்ணுக்குள் ஓடி, சில மாதத்தில் மூடிவிடும்.

நேரா, அகலமா கிடக்கிற தடம் வேற. அது விசைப்படகின் இழுவைமடி உழுதது. மூடுறதுக்குள்ள அடுத்த மடி வந்துரும்.

2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக அரசு அறிவித்தது. நல்லதுதான். அங்கே எந்தத் தடம் எதனுடையது என்று கூலிக்கு முக்குளிக்கிற சனங்களையும் கேட்கட்டும்.